அடிக்கட்டை

எங்கள் கொல்லையில் இருந்த பலா மரத்தின் அடிக்கட்டையைச் சென்ற சித்திரையில் ஒருவழியாகப் பெயர்த்தாயிற்று. மரம் முறிந்தது 'தானே' புயலில், 2011 டிசம்பர் 30 விடியற்காலை. புதுச்சேரிக்காரர்களுக்கு அந்த இரவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மரத்தை அறுத்துக்கொண்டு போனவர்கள் கட்டையை விட்டுவிட்டார்கள். பதின்மூன்று வருஷம் அது எனக்கு மாலை நேர நாற்காலி.

பிரெஞ்சில் இதற்கு 'சூஷ்' என்று பெயர். ரசீதைக் கிழித்துக் கொடுத்தபின் புத்தகத்தில் தங்கும் துண்டுக்கும் அதே சொல்தான். தமிழிலும் இரண்டும் அடிக்கட்டையே! பிரெஞ்சில் படித்துவிட்டு ஆயுள் முழுக்க ரசீது அடிக்கட்டைகளை அடுக்கிய குமாஸ்தாவுக்கு இதில் ஒரு தனி சந்தோஷம். போன ஊரில் குடும்பமாக வேரூன்றுவதையும் பிரெஞ்சுக்காரர்கள் இந்தச் சொல்லை வைத்தே சொல்வார்கள். என் அண்ணன் அப்படித்தான். 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டு பட்டாளத்துக்குப் போனவர், இன்று துலூஸில் பேரன் பேத்திகளோடு இருக்கிறார். கப்பல் ஏறுமுன் அவர் நட்ட மரம் இது. கட்டையில் கைவைக்க எனக்கு மனம் வராததற்கு அதுதான் காரணம்.

கறையானுக்கு அந்தத் தயக்கம் இல்லை. கட்டையிலிருந்து கொல்லைக் கதவின் நிலைவரை மண்கோடு போட்டுவிட்டது. இரண்டு ஆட்கள், கடப்பாரை, கோடாலி, ஒன்றரை நாள்.

"அதே இடத்துல பலாவே வை தம்பி" என்றார் அண்ணன் தொலைபேசியில். "எழுபத்தஞ்சு வயசுல பலாவா? எலுமிச்சை வைங்க, சீக்கிரம் காய்க்கும்" என்றாள் மனைவி. ஒட்டுக்கன்று என்றால் நாலைந்து வருஷத்தில் பலாவும் காய்க்கும் என்று கணக்குச் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ஆனால் அதே இடத்தில் நட முடியாது. நாற்றுப் பண்ணைக்காரர் சொன்னது சரியாகவே இருந்தது. மண்ணில் கலந்த மரத்தூளும் வேர்த்துண்டும் மக்கும்போது தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். கன்று வெளிறிப் போகும். அடியில் வேர் மக்க மக்க மண்ணும் உள்ளே இறங்கும். எனவே பொறுக்க முடிந்த வேரையெல்லாம் பொறுக்கி, குழியை ஆடிவரை வெயிலில் காயவிட்டோம். பிறகு செம்மண், மக்கிய சாணி எரு, கறையானுக்காக வேப்பம் புண்ணாக்கு. முதல் பெருமழைக்கே அரை அடி இறங்கியது, மறுபடி நிரப்பினோம். அங்கே மனைவி அவரை ஊன்றினாள். அவரை தனக்கு வேண்டிய தழைச்சத்தைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும், நம் மண்ணை நம்பியில்லை. பலா ஒட்டுக்கன்றை ஐந்தடி தள்ளி, சுவருக்கு எட்டாமல், நட்டேன். எலுமிச்சை தொட்டியில் இருக்கிறது. அது சமாதான ஒப்பந்தம்.

அண்ணனுக்கு எண்பத்து நாலு. மார்கழிக்கு வருகிறேன் என்கிறார். டாக்டர் இன்னும் சம்மதிக்கவில்லை. கன்றில் மூன்று புது இலை விட்டதும் படம் எடுத்து அனுப்பினேன். இடம் மாறியிருக்கிறதே என்று உடனே கேட்டார். காரணத்தைச் சொன்னேன்.

"சரி, சுத்தி முள்ளு கட்டு. ஆடு வரும்" என்றார்.

எங்கள் தெருவில் ஆடு பார்த்து இருபது வருஷம் ஆகிறது. கட்டிவிட்டேன்.