வாழப்பாடியில் கொதித்த வண்டி

மெக்கானிக்கல் மூன்றாம் வருடம் படிக்கிறவனுக்கு வீட்டில் ஒரு தனி மரியாதை உண்டு. மிக்ஸி ஓடவில்லை என்றாலும் அவனிடம்தான் கொடுப்பார்கள், ஃபேன் சுற்றவில்லை என்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். (அதெல்லாம் எலக்ட்ரிகல்காரர்கள் வேலை என்றால் யார் கேட்கிறார்கள்!) அப்படி ஒருவனுக்கு ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஹாஸ்டலில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அப்பாவிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, வண்டி கொதிச்சிருச்சுடா. வாழப்பாடிகிட்ட நிக்கறோம். அப்பாயி வேற உள்ள இருக்குது."

வண்டி என்றால் மாருதி 800. 2006 மாடல், மூன்று சிலிண்டர், 796 சிசி. அது அவர்கள் வீட்டுக்கு வந்ததே அப்பாயிக்காகத்தான். இரண்டு கிட்னியும் வேலை செய்யாமல் போனதால் செவ்வாய், வெள்ளி என்று வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். ஆத்தூரிலிருந்து சேலம் சுமார் 50 கிலோமீட்டர். நாலு மணி நேரம் படுக்க வேண்டும், முடிந்ததும் துவண்டு போய்த் திரும்ப வேண்டும். பஸ் ஒத்துவராது. வாடகைக் கார் வைத்தால் மாதம் பிறந்ததும் சம்பளம் அதற்கே சரியாகப் போய்விடும். ஆக, பழைய மாருதி.

அன்று அப்பா செய்யவிருந்த காரியம், பானட்டைத் திறந்து துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகுவது. பக்கத்து டீக்கடைக்காரர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணா, மூஞ்சி வெந்துரும்ணா, விடுங்க." அவர் பிழைக்க வைத்த கை அது. ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்லை, பிரஷர் குக்கர் வெயிட் மாதிரி ஒரு ஸ்பிரிங் வால்வு. உள்ளே அழுத்தத்தைத் தேக்கி, தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரி பக்கம் வரை தாங்கும்படி வைத்திருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும். 115 டிகிரியில் இருக்கும் தண்ணீருக்கு அப்போது தண்ணீராகவே இருக்க முடியாது, ஆவியாகிச் சீறிக்கொண்டு மேலே வரும். அரை மணியாவது ஆறவிட்டு, மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்து, கை தாங்கினால் மட்டும் திறக்கலாம். அவசரத்தில் இருப்பவனுக்கு அரை மணி என்பது எவ்வளவு நீளம் என்று அன்றுதான் அப்பாவுக்குத் தெரிந்தது.

டீக்கடைத் தண்ணீரை ஊற்றி எப்படியோ போய்ச் சேர்ந்தார்கள். ராத்திரி நம் பொறியாளர் போனிலேயே தீர்ப்பு சொன்னார்: "வாட்டர் பம்ப்பா இருக்கும்பா. உள்ள இருக்கற இறக்கை தேஞ்சிருக்கும். மாத்திருங்க." ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் நல்ல மார்க் வாங்கியவன் சொன்னால் தப்பாகுமா? புதுப் பம்ப், புது பெல்ட், கூலியோடு மூவாயிரத்துச் சொச்சம். கழற்றிய பழைய பம்ப்பை அப்பா பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தார். இறக்கை புதுசு போலவே இருந்தது.

இரண்டாவது வெள்ளிக்கிழமை மறுபடியும் கொதித்தது. இந்தத் தடவை வாழப்பாடிக்கும் முன்னாலேயே. ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, இன்னும் நாலு கிலோமீட்டர், மறுபடியும் நிறுத்தி... அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஒதுக்கிய நேரம் போய்விட்டது. திரும்பி வந்துவிட்டார்கள். ஒரு முறைதானே என்று தோன்றும். டயாலிசிஸில் இருப்பவருக்கு உடம்பில் சேரும் தண்ணீர் வெளியேற வேறு வழியே கிடையாது. சனிக்கிழமை கால் இரண்டும் வீங்கின. ஞாயிறு ராத்திரி படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அப்பாயி உட்கார்ந்தே இருந்தார். விடியற்காலை 108-ஐக் கூப்பிட்டுச் சேலம் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் அன்றிலிருந்து அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தால் ரோட்டை விட அந்தச் சூட்டு முள்ளைத்தான் அதிகம் பார்த்தார்.

அடுத்து வேறொரு மெக்கானிக். அவர் எஞ்சினைப் பார்த்த மாத்திரத்தில் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றித் தூர வைத்தார். "இது குளிர் தேசத்துக்கு வச்சது சார். நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்கு?" கூடவே ரேடியேட்டர் ஃபேனையும் சென்சாரில் இருந்து பிரித்து, சாவி போட்டாலே ஓடுகிற மாதிரி டைரக்டாக ஒயர் கொடுத்துவிட்டார். நம் ஊரில் பழைய வண்டி வைத்திருக்கும் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள், இந்த வைத்தியம் நடந்த வண்டி ஒன்றாவது தேறும்.

அந்த வால்வு என்ன செய்கிறது? உள்ளே மெழுகு அடைத்த ஒரு சின்னக் குப்பி. தண்ணீர் 82 டிகிரியோ 88 டிகிரியோ தொட்டதும் மெழுகு உருகி விரிந்து கதவைத் திறக்கும். அதுவரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாது. எஞ்சின் சீக்கிரம் சரியான சூட்டுக்கு வரவேண்டும் என்பதற்காக. அதைக் கழற்றினால் ஊருக்குள் ஓடும்போது எஞ்சின் சூடே ஏறாமல் கிடக்கும், கம்ப்யூட்டர் 'இன்னும் குளிராக இருக்கிறது' என்று பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். அப்பாவின் வண்டி லிட்டருக்கு 17 கொடுத்தது 14 ஆனது. கொதிப்பு நின்றதா என்றால், அதுவும் இல்லை!

மே மாதம், செவ்வாய்க்கிழமை. அதே ரோடு. முள் முக்கால் தாண்டியதும் அப்பா ஓரம் கட்டிப் போன் செய்தார். இந்தத் தடவை தண்ணீர் பொங்கவில்லை, ஏறிக்கொண்டுதான் இருந்தது.

"அப்பா, ஏசியை நிறுத்துங்க. ஹீட்டரை ஃபுல்லா வைங்க."

"என்னது?"

"ஹீட்டர்ப்பா. ஜன்னல் எல்லாத்தையும் இறக்கிருங்க. நாப்பதுக்கு மேல போகாதீங்க."

ஹீட்டர் என்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். எஞ்சின் தண்ணீர் அதன் வழியாகவும் போகும், அதன் சூட்டை வண்டிக்குள் ஊதும். அந்த அளவு பாரம் எஞ்சினுக்குக் குறையும். சேலத்து மே மாத வெயிலில், ஹீட்டர் போட்ட காரில், எழுபது தாண்டிய ஒரு நோயாளி. "எமலோகத்துல எண்ணெய்க் கொப்பரைன்னு சொல்லுவாங்களே, அது இதுதான் போலருக்குது சாமி" என்று அப்பாயி சொன்னாராம். முள் பாதிக்கும் முக்காலுக்கும் நடுவில் நின்றது. ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிடம் தாமதமாகத்தான் போனார்கள். ஆனால் போய்விட்டார்கள்.

மூன்றாவது மெக்கானிக், ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்றார். எஞ்சினைப் பிரிக்க வேண்டும், ஹெட்டை லேத்தில் கொடுத்து மட்டம் பிடிக்க வேண்டும், பதினைந்தாயிரம், வண்டி ஒரு வாரம் நிற்கும். ஒரு வாரம் என்றால் இரண்டு டயாலிசிஸ். "கொடுத்துரட்டுமா?" என்று கேட்ட அப்பாவின் குரலில் இருந்த களைப்பைக் கேட்டுவிட்டுத்தான் பையன் வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினான். லேபில் கெஞ்சிக் கேட்டு வாங்கிய இன்ஃப்ராரெட் வெப்பமானி பையில் இருந்தது.

சனிக்கிழமை காலை அவன் எந்த ஸ்பேனரையும் தொடவில்லை. அப்பாவை உட்கார வைத்துக் கேள்வி கேட்டான். எப்போது கொதிக்கிறது? ஆத்தூர் கடைவீதி நெரிசலில் ஏறுகிறதா? இல்லை. சும்மா நின்று ஓடினால்? இல்லை. பிறகு? "பைபாஸ் ஏறி அறுபது எழுபதுல ஒரு இருவது நிமிஷம் போனா ஏற ஆரம்பிக்குது."

இந்த ஒரு வாக்கியம் முதல் நாளே கிடைத்திருக்கும், கேட்டிருந்தால். நெரிசலில் சூடாகி, ஓட்டத்தில் ஆறினால் ஃபேன் மேல் சந்தேகம், ஏனென்றால் ஓடும்போது காற்று தானாகவே வரும். இவர்கள் வண்டி நேர்மாறு. நிற்கும்போது சும்மா இருந்து ஓட்டத்தில் ஏறுகிறது. எரிகிற பெட்ரோலின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது, இன்னொரு பங்கு புகையோடு போகிறது, மிச்சம் பெரும்பாலும் தண்ணீரின் தலையில்தான் விழுகிறது. வேகம் கூடக் கூட அந்த மிச்சமும் கூடும். அதை வெளியே தள்ள முடியாமல் எங்கேயோ தடை.

முதலில் கேஸ்கட்டா என்று பார்க்க வேண்டும், பணம் அங்கேதான் இருக்கிறது. ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தார்கள். கேஸ்கட் ஓட்டையாக இருந்தால் சிலிண்டர் புகை தண்ணீருக்குள் வந்து குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். நாலைந்து குமிழி வந்தது, நின்றுவிட்டது. ஆயில் குச்சியில் பால் கலந்த காபி நிறம் இல்லை. சைலன்சரில் வெள்ளை ஆவி இல்லை. ஒரு நிமிடத்திலேயே ஹோஸ் கல் மாதிரி இறுகவும் இல்லை. கேஸ்கட் மேல் குற்றமில்லை. (நாலு சோதனைக்கும் சேர்த்து ஆன செலவு: பூஜ்யம்.)

பம்ப்? ஹீட்டரில் எமலோகச் சூடு வந்ததே, தண்ணீர் சுற்றாமல் அது எப்படி வரும்? பழைய பம்ப்பும் நன்றாகத்தான் சுற்றியிருக்கும் என்று அப்போது உறைத்தது. அவன் அதை அப்பாவிடம் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. கீழ் ஹோஸ் ஒரு சாத்தியம்: எஞ்சினை வேகமாக முறுக்கும்போது பம்ப் உறிஞ்சுகிற உறிஞ்சலில் தளர்ந்த ஹோஸ் சப்பி அடைத்துக்கொள்ளும், நிறுத்திப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அப்பா ஆக்ஸிலேட்டரை மிதிக்க, அவன் டார்ச் அடித்துப் பார்த்தான். ஹோஸ் அசையவில்லை.

மிச்சம் ரேடியேட்டர். பைபாஸில் ஓட்டிச் சூடேற்றி வந்து, ஓடும் எஞ்சினோடு வெப்பமானியைப் பிடித்தார்கள். (அதற்கு முன்னால் வீட்டில் கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானியை அப்பா ஆசையாக நீட்டிப் பார்த்தார். அது 'ஹை' என்று மட்டும் காட்டிவிட்டு அணைந்துபோனது.) ஒரு ஓரத்தில் 90 டிகிரி. நாலு விரல் தள்ளி 56. அப்புறம் 87, மறுபடி 54. ஒரே தண்ணீர் எல்லாக் குழாயிலும் ஓடினால் இப்படிப் பட்டை பட்டையாகக் குளிராது. குளிர்ந்த இடத்தில் தண்ணீரே போகவில்லை.

திங்கட்கிழமை, டயாலிசிஸுக்கு முந்தின நாள், ரேடியேட்டர் வேலை மட்டுமே செய்கிற ஒரு பெரியவரிடம் கொண்டுபோனார்கள். முந்தைய உரிமையாளர் எப்போதோ மாட்டிய பித்தளை ரேடியேட்டர், ஆகவே பிரிக்க முடிந்தது. (பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டர் இவ்வளவு அடைத்திருந்தால் மாற்றுவதுதான் உத்தமம்.) பெரியவர் நெருப்புக் காட்டி ஈயத்தை உருக்கி மேல் தொட்டியைத் தனியே எடுத்தார். உள்ளே பார்த்தால் பாதிக்குப் பாதி குழாய்களின் வாய் வெள்ளையாக, சுண்ணாம்பு பூசின மாதிரி.

"போர் தண்ணியா ஊத்தறீங்க?"

அப்பா தலையாட்டினார். மூன்று வருடமாக வாரா வாரம், வீட்டுக் குழாயில் பிடித்து. அந்தத் தண்ணீரில் சோற்றுப்பானை எப்படி வெளுக்கும் என்று அம்மாவுக்குத் தெரியும். கடின நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் சூடு பட்டதும் கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து ஒட்டிக்கொள்ளும். எங்கே சூடோ அங்கே படியும். ஒவ்வொரு முறை கொதித்தபோதும் ஊற்றியது அதே மாதிரித் தண்ணீர்தான். ஆக, வைத்தியமே நோயை வளர்த்திருக்கிறது. உலோகத்தோடு ஒப்பிட்டால் அந்தப் படிவு சூட்டைக் கடத்துவதே இல்லை எனலாம், அலுமினியத்தில் கிட்டத்தட்ட நூறில் ஒரு பங்கு.

தட்டையான நீளக் கம்பியை ஒவ்வொரு குழாயாக விட்டுப் பெரியவர் குத்தி எடுத்தார். சாயங்காலம் வரை ஆனது. எஞ்சினுக்குள் ஹோஸ் வைத்துத் தலைகீழாகத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். முதலில் துருக்குழம்பு, அப்புறம் தெளிவு. புதுத் தெர்மோஸ்டாட் மாட்டினார்கள். பெரியவரே "அது இல்லாம ஓட்டாதீங்க" என்றார். டிஸ்டில்டு வாட்டரில் பாதிக்குப் பாதி கூலன்ட். மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டு, குமிழி நிற்கும் வரை ஊற்றி ஊற்றிக் காற்றை வெளியேற்றினார்கள். எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்குள் முடிந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை பையன்தான் ஓட்டினான். அப்பா பக்கத்தில், அப்பாயி பின்னால். வாழப்பாடி வந்தது, போனது. முள் பாதிக்குக் கொஞ்சம் கீழே போய் உட்கார்ந்தது, அயோத்தியாப்பட்டணம் வரை அசையவில்லை. அப்பா பார்வையை எடுக்கவே இல்லை.

பின்னாலிருந்து அப்பாயி விசாரித்தார், "என்னதான்டா சாமி வந்திருந்துச்சு வண்டிக்கு?"

"உப்புத் தண்ணி அப்பாயி. உள்ள குழாயெல்லாம் அடைச்சுப்போச்சு."

"எனக்கு அங்க மிசினுக்கே தண்ணியச் சுத்தம் பண்ணித்தான் விடறாங்க. வண்டிக்கு மட்டும் போர் தண்ணியா ஊத்துனான் உங்கப்பன்?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது டிக்கியில் கலந்து வைத்த கூலன்ட் ஒரு ஐந்து லிட்டர் கேன் இருக்கிறது. ஞாயிறு காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது அப்பா ரிசர்வ் டப்பாவின் அளவைப் பார்த்துக் காலண்டரில் குறிக்கிறார். மைலேஜ் 17-க்குத் திரும்பிவிட்டது. ஃபேன் ஒயர் மட்டும் இன்னும் டைரக்டாகவே கிடக்கிறது, சாவி போட்டதும் உர்ரென்று சுற்றுகிறது. அதைச் சென்சாரில் திரும்ப மாட்டுவது அடுத்த லீவுக்கு. செமஸ்டர் முடியட்டும் என்று அப்பாவே சொல்லிவிட்டார்.