காலுக்கேற்ற காலணி

“ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்பது நம் நாட்டுப் பழமொழி. தம் குறையைத் தாம் ஏற்காமல் பிறவற்றின்மேல் ஏற்றிச் சொல்வோரை இடித்துரைக்க இதனை வழங்குவர். நானும் பலமுறை வழங்கியிருக்கிறேன். ஆயின், கூடம் உண்மையாகவே கோணலாக இருந்ததையும், அதனைக் கோணலாக்கியவன் நானே என்பதையும் அறிந்து நான் நாணி நின்ற நாள் ஒன்று உண்டு. அந்நாளைப் பற்றியே இங்கு எழுதுகின்றேன்.

தொழிலின் பொருட்டுத் தமிழ்நாட்டை விட்டு வந்து, கனடா நாட்டின் டொராண்டோ நகரில் நான் வாழத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இங்குக் குளிர்காலத்தில் குளங்கள் உறைந்து கல்போல் ஆகிவிடும். நம் ஊர்ச் சிறுவர் கோடை விடுமுறையில் கிரிக்கெட் ஆடுவதுபோல இந்நாட்டுச் சிறுவர் குளிர்காலத்தில் பனித்தரை ஹாக்கி ஆடுவர். 1875ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3ஆம் நாள் மாண்ட்ரீல் நகரத்து அரங்கம் ஒன்றில், கூரையின்கீழ் ஒழுங்குபடுத்தப்பட்ட முதல் ஆட்டம் நடைபெற்றது. 1994ஆம் ஆண்டில் இவ்வாட்டத்தைக் குளிர்காலத் தேசிய விளையாட்டு எனக் கனடா நாட்டுச் சட்டமே ஏற்றுக்கொண்டது. 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உடைய பனித்தரையில், மூன்று அங்குல விட்டமுள்ள ரப்பர் வட்டைக் கோலால் தள்ளிக்கொண்டு ஆட்டக்காரர் பறவைபோல் விரைவர். அவர்கள் ஓடுவதில்லை, சறுக்குகிறார்கள். காலணியின் அடியில் பொருத்திய மெல்லிய எஃகுத் தகடே அவர்களைத் தாங்குகிறது.

என் மகளுக்குப் பதினொரு வயது ஆனபோது, தானும் இவ்வாட்டம் பயில வேண்டும் என்று விரும்பினாள். நானும் மகிழ்ந்து சறுக்குக் காலணி வாங்கச் சென்றேன். வளரும் பிள்ளைக்குத் துணியையும் செருப்பையும் சற்றுப் பெரிதாக வாங்குவது நம் குடும்பங்களில் வழிவழி வந்த சிக்கனம். அந்தச் சிக்கனத்தை நான் கடல் கடந்தும் கொண்டு வந்திருந்தேன். மேலும், அவள் பாதத்தின் முன்பகுதி அகன்றது. அளவான காலணி அவளுக்கு இறுக்கமாக இருந்தது. ஆகவே இரண்டு எண் பெரிய காலணியை வாங்கி, “இரண்டு காலுறைகள் போட்டுக்கொள்; இரண்டு ஆண்டுகளுக்குக் கவலையில்லை” என்றேன்.

பயிற்சி தொடங்கியது. அவளோடு சேர்ந்த சிறுமியர் சில வாரங்களில் நேராக நிற்கவும், திரும்பவும், சட்டென்று நிற்கவும் கற்றுக்கொண்டனர். என் மகளோ கணுக்கால்கள் உட்புறமாகச் சாய, வேலியைப் பற்றிக்கொண்டே தடுமாறினாள். “அப்பா, காலணி வலிக்கிறது” என்று ஒருநாள் சொன்னாள். நான் சிரித்துக்கொண்டே அப்பழமொழியைச் சொன்னேன். உடனிருந்தோரும் நகைத்தனர். அவள் நகைக்கவில்லை. அதன்பின் அவள் வலியைப் பற்றி வாய் திறக்கவும் இல்லை.

சனவரித் திங்களில் ஓர் இரவு. பயிற்சி முடிந்து வந்தவள் காலணிகளை ஒரு மூலையில் வைத்துவிட்டு, “அப்பா, நான் இனி ஆடப் போவதில்லை. எனக்கு ஆட்டம் வராது. என் கால் மற்றவர்கள் காலைப்போல் இல்லை” என்றாள். அவள் அழவில்லை, தீர்ப்பைப் படிப்பவளைப்போல் சொன்னாள். அவள் காலுறையைக் கழற்றியபோது அவளுடைய காலை நான் முதன்முறையாக உற்றுப் பார்த்தேன். மேற்பாதத்தின்மீது காலணிக் கயிறு அழுத்திய சிவந்த தழும்புகள் இருந்தன. குதிகாலில் தோல் உரிந்து கொப்புளம் உடைந்திருந்தது. இத்தனையையும் என் ஒரு சொல்லுக்கு அஞ்சி மறைத்திருக்கின்றாள்! அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள், சறுக்குக் காலணிகளைப் பொருத்துவதையே பல ஆண்டுகளாகத் தொழிலாகக் கொண்ட முதியவர் ஒருவரிடம் அவளை அழைத்துச் சென்றேன். அவர் முதலில் பழைய காலணியை அணியச் சொல்லி, கயிற்றைத் தளர்த்தி, விரல்நுனி முன்புறம் தொடும்வரை பாதத்தைத் தள்ளச் சொன்னார். குதிகாலுக்குப் பின்னே தம் இரண்டு விரல்களை எளிதாக நுழைத்துக் காட்டினார். “இங்கே ஒரு விரல்கூட எளிதில் நுழையலாகாது. இதனை அணிந்துகொண்டு இவள் நின்றதே வியப்பு!” என்றார்.

பின்னர் அவர் காரணத்தை விளக்கினார். நடக்கும் காலணி சற்றுத் தளர்ந்திருந்தாலும் தீங்கில்லை; அகன்ற அடிப்பகுதி நம்மைத் தாங்கிவிடும். சறுக்குக் காலணியின் தகடோ சில மில்லிமீட்டர் கனமே உடையது. கால் சாய்ந்தால் அதே கணத்தில் தகடும் சாய வேண்டும். காலணிக்குள் இடமிருந்தால், கால் முதலில் உள்ளே நகர்கிறது. தகடு பின்னரே அசைகிறது. குதிகால் எழுகிறது; கணுக்கால் சரிகிறது. அச்சரிவைத் தடுக்கக் கயிற்றை மேலும் மேலும் இறுக்குகிறோம். கயிறு மேற்பாதத்தை அழுத்துகிறது. கால் மரத்துப் போகிறது. அகலம் போதவில்லை என்று நீளத்தைக் கூட்டுவதால் விளையும் கேடு இது. சறுக்குக் காலணி, நடக்கும் காலணியைவிட ஓர் எண்ணோ ஒன்றரை எண்ணோ சிறியதாக இருப்பதே வழக்கம் என்றும் அவர் சொன்னார். நான் செய்தது அதற்கு நேர்மாறு.

அடுத்து, உலோகத்தால் ஆன அளவுகருவி ஒன்றை எடுத்தார். அமெரிக்க நாட்டுச் சிரக்யூஸ் நகரில், காலணிக் கடைக்காரர் ஒருவரின் மகனாகிய சார்லஸ் பிரானக் என்பவர் 1920களில் அமைத்த கருவி அது. குதிகாலிலிருந்து விரல்நுனி வரையுள்ள நீளம், குதிகாலிலிருந்து பெருவிரலின் அடிமூட்டு வரையுள்ள நீளம், பாதத்தின் அகலம் ஆகிய மூன்றையும் அது காட்டும். இரு கால்களையும் தனித்தனியே அளந்தார். முன்பாதம் அகன்றது, குதிகால் குறுகியது, மேற்பாதம் உயர்ந்தது, இடக்கால் வலக்காலைவிடச் சற்று நீண்டது. “என் கால் சரியில்லை, அல்லவா?” என்று மகள் மெல்லக் கேட்டாள்.

முதியவர் நிமிர்ந்து பார்த்தார். “குழந்தாய், ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் உள்ளன. நான் கண்ட எந்த இருவர் பாதமும் ஒன்றுபோல் இருந்ததில்லை. உன் கால் சரியான கால்தான். அதற்குச் சரியான காலணியைத் தேடுவது எங்கள் வேலை” என்றார். அச்சொற்களைக் கேட்டதும், ‘செருப்புக்கேற்றபடி காலைத் தறிப்பதா?’ என்னும் வேறொரு பழமொழி என் நினைவுக்கு வந்தது. காலம் கடந்து வந்த நினைவு!

தேடல் எளிதாக இல்லை. முதலில் கொணர்ந்த காலணியை அவள் அணிந்ததும், கயிறு கட்டாமல், மேலிருந்து மூன்றாம் துளைகளின் குறுக்கே ஒரு பென்சிலை வைத்தார். அது அவள் காலின்மேல் முட்டியது. உயர்ந்த மேற்பாதத்திற்கு அதன் ஆழம் போதாது என்று ஒதுக்கினார். அடுத்தது ஆழம் உடையது. ஆனால் குதிகால் அதில் தங்கவில்லை. மூன்றாவது முன்புறம் நெருக்கியது. நான்காவது காலணியில் அவள் நிமிர்ந்து நின்றபோது விரல்கள் முன்புறத்தை மெல்லத் தொட்டன. முழங்காலை மடக்கியதும் விரல்கள் பின்வாங்கின. குதிகால் அழுந்தி அமர்ந்தது. “இதுவே” என்றார் முதியவர். இரண்டு காலுறைகளுக்குப் பதிலாக மெல்லிய ஒன்றே போதும் என்றார். பாபி ஓர் என்னும் புகழ்பெற்ற ஆட்டக்காரர் காலுறையே இல்லாமல் ஆடியவர் என்றும் சொன்னார். அதைக் கேட்டு மகள் வியந்தாள்.

அதன்பின், வெப்பத்தால் இளகும் தன்மையுடைய அக்காலணியை, அதற்கென அமைந்த அடுப்பில் சில நிமிடம் வைத்து எடுத்தார். அதன் வெப்பம் ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸ். இளகிய காலணிக்குள் காலைச் செலுத்திக் கயிற்றைக் கட்டினார். துளைகள் பிய்ந்துவிடாதபடி கயிற்றைப் பக்கவாட்டில் இழுக்காமல் முன்னோக்கியே இழுத்தார். எழுந்து நிற்காமல் கால்மணி நேரம் அமர்ந்திருக்கச் சொன்னார். காலணி ஆறும்போது அவள் பாதத்தின் வடிவை ஏற்றுக்கொண்டது. கணுக்கால் எலும்பு இன்னும் உரசிய இடத்தை மட்டும் சூடாக்கி, ஒரு கருவியால் வெளிப்புறமாகக் குழித்தார். தழும்பு இருந்த இடத்தில் கயிறு குறுக்கே அழுத்தாதவாறு ஒரு துளையை விட்டுக் கோத்துக் கொடுத்தார். ஒருநாள் ஆறவிட்ட பிறகே பனியில் இறங்கலாம் என்று சொல்லி அனுப்பினார்.

புதிய காலணி அணிந்த அன்றே அவள் தேர்ந்த ஆட்டக்காரி ஆகிவிடவில்லை. முதல் சில நாள்கள் அதுவும் இறுகவே செய்தது. இழந்த மாதங்களை எவரும் மீட்டுத் தர இயலாது. அவ்வாண்டுப் போட்டிகளுக்கு அவள் தேர்ந்தெடுக்கப்படவும் இல்லை. ஆயினும் மூன்றாம் வாரத்தில் ஒருநாள், வேலியை விட்டு அரங்கின் நடுவே சென்று, தகடுகளைக் குறுக்கே திருப்பிப் பனித்தூள் சிதற நின்றாள். நின்றவள் என்னைத் தேடிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் என்றும் மறவேன்.

வீடு திரும்பும் வழியில், “அம்மா, அன்று நான் சொன்ன பழமொழி தவறு. கூடம் கோணலாகத்தான் இருந்தது. அதைக் கோணலாக்கியவன் நான். என்னை மன்னித்துவிடு” என்றேன். அவள் சற்றுநேரம் பேசாமல் வந்தாள். பிறகு, “அடுத்த முறை என் காலைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், அப்பா” என்றாள்.

முயற்சியின்றிச் சாக்குச் சொல்வோர் உலகில் உண்டு. அவர்களுக்கு அப்பழமொழி பொருந்தும். ஆனால், “வலிக்கிறது” என்று ஒருவர் சொல்லும்போது அவரை அளப்பதற்கு முன், அவர் அணிந்திருப்பதை அளந்து பார்ப்பதே அறிவுடைமை. அளக்கும் கருவி எளியது; குனிந்து பார்க்கும் மனமே அரியது.