தாத்தாவின் யாஷிகா

அறந்தாங்கி

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதறேன். அத்தைக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. நேத்து உன் அம்மா போன்ல பேசினப்போதான் சேதி தெரிஞ்சது. தாத்தாவோட யாஷிகா மேட் 124ஜி கேமராவுல இருக்கிற பழைய தோலை உரிச்சுட்டு, சிவப்புத் தோல் வரவழைச்சு ஒட்டப் போறியாமே! எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். அதைத் தொடாதேடா கண்ணு.

தோல்னு நாம சொல்றோமே தவிர அது லெதரெட்தான், செயற்கைத் தோல். காசு பெறாதது. ஆனா இடது பக்கம் ஃபோகஸ் திருகுக்குக் கீழே தடவிப் பாரு, சொரசொரப்பே இருக்காது. தாத்தாவோட உள்ளங்கை அங்கேதான் இருக்கும். வைகாசி முகூர்த்தம் பூரா வேர்த்து வடிய அந்தக் கையாலதான் பிடிச்சிருப்பார். வலது பக்கம் ரோல் சுத்துற கைப்பிடியைச் சுத்திக் கறுப்பு பெயிண்ட் போயிருக்கே, அதுவும் அவர் தேய்ச்சதுதான். முன்பக்கத் தோல் மூலையில தூக்கிட்டு நிக்கிறதுக்கு வேற காரணம். முன்தகட்டுத் திருகெல்லாம் அந்தத் தோலுக்கு அடியில இருக்கு. ஷட்டர் மக்கர் பண்ணினா தோலைத் தூக்கினாத்தான் கழட்ட முடியும். திருச்சிக்கு சர்வீஸுக்குப் போய் வந்ததெல்லாம் அந்த மூலையில பதிஞ்சு கிடக்கு. சிவப்புத் தோலை ஒட்டிட்டா இதையெல்லாம் எங்கே போய்த் தேடுவே?

2015-ல லைக்கா கம்பெனிக்காரங்க, பாடகர் லென்னி கிராவிட்ஸ் வடிவமைச்சதுன்னு சொல்லி, புத்தம்புதுக் கேமராவோட கறுப்புப் பெயிண்டைக் கையாலேயே தேய்ச்சு, பித்தளை தெரியவிட்டு, 125 செட் வித்தாங்க. உழைச்ச கேமராவோட முகத்துக்கு ஜனங்க அவ்வளவு ஏங்கறாங்க. உன் கையில நிஜமாவே உழைச்சது இருக்கு.

அதுக்காக அப்படியே போட்டு வைன்னு சொல்லலை. பின்கதவு ஓரத்துல வெளிச்சம் புகாம இருக்க ஒட்டின கறுப்பு ஸ்பாஞ்ச் இந்நேரம் தார் மாதிரி இளகியிருக்கும். அதை விட்டு வச்சா ரோல்ல வெளிச்சம் பாயும். தீக்குச்சி முனையில பஞ்சு சுத்தி, ஸ்பிரிட்ல நனைச்சு எடுத்துட்டுப் புதுசு ஒட்டு. தூக்கின மூலைக்கு ரப்பர் பசை துளி போதும். உடனே ஒட்டுற குவிக் பசை வேண்டவே வேண்டாம். அதோட ஆவி பட்டா பக்கத்துல வெள்ளையாப் பூக்கும், அடுத்த சர்வீஸுக்குத் தோலைப் பிரிக்கவும் முடியாது. வெயில் படற இடத்திலயும் வைக்காதே. சூட்டுல லெதரெட் சுருங்கும், ஒருதடவை சுருங்கினா பழைய அளவுக்கு வராது.

முக்கியமா அந்தத் தோல் கேஸ். கேமராவை அதுக்குள்ளே பூட்டி வைக்காதே. பட்டன்லயும் ரிவெட்லயும் பச்சையாப் பிசுபிசுன்னு இருக்கே, தோல்ல இருக்கிற கொழுப்பு பித்தளையில பட்டுப் பட்டு வந்தது அது. பழைய சைஸ் ஐகான் கேமராக்கள்ல தோலுக்கு அடியில இருக்கிற பித்தளை ரிவெட் இப்படித்தான் பச்சை பிடிச்சு, மேலே கொப்புளம் கொப்புளமா எழும்பும். தோல் கேஸ் ஈரத்தையும் விடாமப் பிடிச்சு வைக்கும். 2018-ல கஜா புயலடிச்சு வாரக்கணக்கா கரண்ட் இல்லாம இருந்தோமே, அப்போ அந்த கேஸ் முழுக்க வெள்ளைப் பூஞ்சை. கேமரா அன்னிக்கு வெளியில இருந்ததாலதான் லென்ஸ் தப்பிச்சது. ஐப்பசி, கார்த்திகையில எனக்கு இன்னும் அந்த பயம் போகலை.

நம்ம வெயிலும் ஈரமும் கேமராவை என்ன பண்ணும்னு அந்தக் காலத்து வெள்ளைக்காரங்களுக்கும் தெரியும். நீ ஆசையாப் பார்ப்பியே, 1858-ல வெளிவந்த வெள்ளைக்கார போட்டோகிராபர் டிரைப்போட புதுக்கோட்டைப் படங்கள், அதெல்லாம் மரப்பெட்டிக் கேமராவுல எடுத்தது. பிறகு வந்த தயாரிப்பாளர்கள் இந்த மாதிரி நாடுகளுக்குன்னே தோல் ஒட்டாம, தேக்குல செஞ்சு பித்தளைப் பூண் போட்டு அனுப்பினாங்க. தாத்தாகிட்ட இருந்தது லெதரெட் ஒட்டினதுதான். அதை அவர் அத்தனை வருஷம் காப்பாத்தினாரே!

சிவப்புத் தோலுக்குக் காசு கட்டிட்டேன்னா பரவாயில்லை, அந்தப் பணத்தை நான் தர்றேன். மாசியில திருவப்பூர் மாரியம்மன் திருவிழாவுக்கு வர்றப்போ கேமராவை எடுத்துட்டு வா, மூலையை ரெண்டு பேருமா உட்கார்ந்து ஒட்டுவோம். வேளாவேளைக்குச் சாப்பிடு, இளைச்சுட்டேன்னு உன் அம்மா புலம்பறா.

அன்புடன்,
மாமா