ஆண்டின் நடுவே

ஜூன் மாதத்திலேயே ஒரு பாடத்துக்கு ஆசிரியர் இல்லையென்றால் ஊர் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. "இன்னும் ஆள் போடலை" என்பதோடு சரி. வந்து, பழகி, பாதிப் பாடம் நடத்திவிட்டுப் போனால்தான் பேச்சு எழுகிறது. அந்தப் பேச்சைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

நான் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த பள்ளியில் இயற்பியலுக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை. தற்காலிகமாக வந்தவர் அருமையாக நடத்தினார். கதிர் ஒளியியலில் குவிலென்சு வரை வந்தவர், தீபாவளி விடுமுறைக்குப் பின் வரவேயில்லை. வெளியூரில் கூடுதல் சம்பளத்துக்கு வேறு வேலை கிடைத்துவிட்டதாம்.

என் பெரியப்பா மகள் கட்டணம் கட்டிப் படித்த பள்ளியிலும் அதே ஆண்டு இப்படி நேர்ந்தது. அங்கே பெற்றோர் தாளாளர் அறைக்கே சென்று, கட்டிய பணத்தைத் திருப்பித் தரும்படி சத்தமிட்டனர். பத்தே நாளில் வேறு ஆசிரியர் வந்தார். எங்கள் பெற்றோரோ பெரும்பாலும் விசைத்தறிக்கும் பூப்பறிக்கவும் செல்பவர்கள். பள்ளிக்கு வந்தால் அன்றைய கூலி போயிற்று. வந்த பதினைந்து பேரும் வேப்பமரத்தடியில் நின்றார்களே தவிர, ஒருவரும் குரல் உயர்த்தவில்லை. கட்டணம் கட்டாதவருக்குக் கேட்கும் உரிமை இல்லை என்று அவர்களே எண்ணிக்கொண்டதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. வரி கொடுக்காமலா கடையில் சோப்பு வாங்குகிறோம்?

வெளியில் காட்டாத கோபம் வீட்டில் எங்கள்மேல் பாய்ந்தது. "நீங்க ஒழுங்கா இருந்தா அவுக ஏம்ல போறாக?" என்றார் அப்பா. அம்மா மட்டும், "அவுகளுக்கு என்ன சம்பளம்?" என்று வினவினாள். சொன்னேன். "அவுகளுக்கும் பிள்ளகுட்டி இருக்குல்லா" என்று அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

அம்மா கேட்டதே சரியான கேள்வி. 2022ஆம் ஆண்டில் அரசுப் பள்ளிகளில் காலியாக இருந்த 13,331 இடங்களில் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மூலம் தற்காலிக ஆசிரியர்களை அமர்த்த முடிவாயிற்று. முதுகலை ஆசிரியருக்கு மாதம் 12,000 ரூபாய் என முதலில் அறிவித்து, பின்னர் 18,000 என உயர்த்தினர். ஏழாவது ஊதியக்குழுப்படி நிரந்தர முதுகலை ஆசிரியரின் அடிப்படை ஊதியமோ தொடக்கத்திலேயே 36,900 ரூபாய். இருவரும் நடத்துவது ஒரே பாடம், ஒரே பொதுத்தேர்வுக்கு.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நிரந்தர ஆசிரியர் கல்வியாண்டின் இடையில் ஓய்வு பெற்றால், மாணவர் நலன் கருதி ஆண்டு முடியும்வரை அவருக்கு மறுநியமனம் தரும் வழக்கம் நம் மாநிலத்தில் உண்டு. ஆக, நடுவில் ஆசிரியர் மாறுவது கேடு என்பது அரசுக்குத் தெரியாததன்று. தற்காலிக ஆசிரியரை ஆண்டு முடியும்வரை நிறுத்திக்கொள்ளத்தான் எந்த ஏற்பாட்டையும் நாங்கள் காணவில்லை. மே மாதம் சம்பளம் வருமா, அடுத்த ஜூனில் வேலை இருக்குமா என்று தெரியாத ஒருவரிடம், "மார்ச் வரை இருங்கள்" என்று எந்த முகத்தோடு கேட்பது?

பிறகு எங்கள் தெருப் பெற்றோர் சிலர் வீட்டுக்கு ஐம்பது ரூபாய் போட்டனர். இயற்பியல் பட்டம் பெற்று ஜவுளிக்கடையில் வேலை பார்த்த அக்கா ஒருவர், கடை அடைத்தபின் இரவு ஒன்பது மணிக்கு வந்து பாடம் சொல்லிக் கொடுத்தார். ஒளியியல் முடிந்தது, குறைக்கடத்திப் பாடம் முடியவில்லை. அந்தத் திண்ணை வகுப்புக்கு வர முடிந்தவர்கள் தேறினோம். பக்கத்துக் கிராமத்திலிருந்து பேருந்தில் வந்து படித்த என் நண்பன் தேறவில்லை. துணைத்தேர்வும் எழுதினான், அதிலும் இல்லை. இப்போது தறிக்குப் போகிறான்.

சென்ற ஆடித்தபசுக் கூட்டத்தில் அந்த ஆசிரியரை அவன் தாயார் பார்த்திருக்கிறார். "நல்லா இருக்கீகளா சார், பிள்ளைக சொகமா?" என்று விசாரித்தாராம். மகன் என்ன செய்கிறான் என்று அவர் கேட்டதற்கு, "வேலைக்குப் போறான் சார்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். என்ன வேலை என்று சொல்லவில்லையாம்.