பனிக் குளிரில் ஓர் ஆற்றுப் பயணம்

கனடாவின் மேற்கே அல்பேர்ட்டா மாகாணத்தில் கல்கரி என்ற நகரம் இருக்கிறது. ரொக்கி மலைத்தொடரின் பனிப்பாறைகளில் பிறக்கும் போ ஆறு அந்நகரின் நடுவே ஓடுகிறது. சித்திரை மாதத்திலும் காலைக் குளிர் அங்கு பூச்சியத்துக்குக் கீழே நிற்கும். கரையோரங்களில் பனிக்கட்டி தட்டுத் தட்டாக ஒட்டியிருக்கும். 2023ஆம் ஆண்டு அப்படியொரு நாளில், என் தோழியுடன் வள்ளத்தில் ட்ரவுட் மீன் பிடிக்கப் போன அனுபவத்தை வாசகிகளோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

தோழி குருநகர்க் கடற்கரையில் வளர்ந்தவள். அவளுடைய தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களில் ஒருவர். நான் 1993இல் கிளாலிக் கடனீரேரியை இரவில் கடந்தவள். விளக்கில்லாத வள்ளம், அழுத பிள்ளைகளின் வாயைப் பொத்திய தாய்மார், எங்கே கரை என்று தெரியாத இருட்டு. அதன் பிறகு முப்பது வருடமாக நான் எந்த வள்ளத்திலும் கால் வைத்ததில்லை. “இது கடலில்லையடி. ரெண்டு பக்கமும் கரை தெரியுது பார்” என்று சொல்லித்தான் என்னை ஏற்றினாள்.

வள்ளம் அவளுடன் வேலை செய்யும் கனடியப் பெண்மணி ஒருவருடையது. தண்டு வலிக்கப் பழக்கியதும் அவர்தான். ஊரில் எங்கள் பக்கத்துப் பெண்கள் வலையின் கிழிசலைச் சரிசெய்வார்கள், கருவாடு காயவிடுவார்கள், கூடை சுமந்து விற்பார்கள். வள்ளத்தில் ஏறித் தொழிலுக்குப் போவது மிக அரிது. அப்பாவின் வள்ளத்தில் ஏற விடாத பிள்ளை, இங்கே வள்ளத்தின் நடுவில் இருந்தாள்.

இந்த வகை வள்ளத்தை ‘ட்ரிஃப்ட் போட்’ என்கிறார்கள். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்து ஆறுகளில் உருவானது. அடி தட்டையாகவும் இரண்டு முனைகளும் மேல்நோக்கி வளைந்தும் இருப்பதால் ஆழமில்லாத இடத்திலும் கல் தட்டாமல் போகும். இயந்திரம் கிடையாது. ஆறுதான் கொண்டுபோகும். வலிப்பவர் ஆறு ஓடும் திசையைப் பார்த்து இருந்து, நீரோட்டத்துக்கு எதிராக வலிக்க வேண்டும். அப்போது வள்ளத்தின் வேகம் குறையும், எதிரே வரும் கல்லைக் கண்டு விலக நேரம் கிடைக்கும்.

புறப்படுமுன் தோழி என் உயிர்காப்பு அங்கியின் வார்களை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். குளிர்ந்த நீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடத்தில் மூச்சை அடக்கி ஆள வேண்டும். அடுத்த பத்து நிமிடம்வரைதான் கைகால் சொல்லுக் கேட்கும். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுக்கும். மனிற்றோபாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று சுருக்கிச் சொல்லியிருக்கிறார். அங்கி அணிந்திருந்தால்தான் இந்தக் கணக்குப் பலிக்கும். கிளாலியில் எங்களில் ஒருவருக்கும் அங்கி இருக்கவில்லை.

குளிர் நீரில் ட்ரவுட் மந்தமாகிவிடும். இரைக்காக ஓடித் திரியாமல், ஆழமான, ஓட்டம் குறைந்த இடத்தில் கிடக்கும். அதனால் தூண்டிலை மீனின் வாய்க்கு நேரே மெல்ல மிதக்கவிட வேண்டும். புழுவுக்குப் பதிலாக, இறகும் நூலும் சுற்றிப் பூச்சிபோலச் செய்த சின்னஞ்சிறு கொளுக்கியைக் கட்டினோம். தூண்டில் தடியின் வளையங்களில் நீர் உறைந்து நூல் இறுகியது. அடிக்கடி விரலால் பனியைத் தட்டினோம். மத்தியானம் வெயில் சற்று ஏறிய பிறகுதான் முதல் மீன் அகப்பட்டது. மஞ்சள் மேனியில் கறுப்பும் சிவப்புமாய்ப் புள்ளிகள் கொண்ட பிரவுண் ட்ரவுட்.

தோழி கையை நனைத்துவிட்டுத்தான் அதைத் தொட்டாள். காய்ந்த கை பட்டால் மீனின் மேல் வழுவழுப்புப் போய்விடும். கடுங்குளிரில் வெளியே தூக்கினால் செவுள் உறைந்துவிடக்கூடும் என்று நீருக்குள் வைத்தே கொளுக்கியைக் கழற்றி விட்டுவிட்டாள். அந்தப் பகுதியில் பிடிக்கும் ட்ரவுட்டை விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். “அம்மா கண்டால் எனக்கு அடிதான் விழும். பிடிச்ச மீனை ஆர் விடுவினம்?” என்று சிரித்தாள்.

இந்த மீன் அந்த ஆற்றுக்குச் சொந்தமானதல்ல. 1925இல் மீன்குஞ்சு ஏற்றிப்போன லொறி ஒன்று பான்ஃப் அருகே பழுதாகி நின்றதாம். குஞ்சுகள் செத்துப்போகுமே என்று பக்கத்திலிருந்த கரட் ஓடையில் ஊற்றிவிட்டார்கள். அவற்றின் சந்ததி இன்று ஆறு முழுவதும் பரவியிருக்கிறது. எங்கள் நுவரெலியா ஓடைகளுக்கும் 1880களில் வெள்ளைக்காரர் ட்ரவுட் கொண்டுவந்தார்கள். லொறிக் கதையைக் கேட்டதும், “அப்ப இதுகும் எங்களைப்போல இடைவழியில இறக்கிவிட்ட சாதிதான்” என்றேன். இருவரும் நெடுநேரம் சிரித்தோம்.

மாலையாகும்போது ஆறு அகன்று அமைதியாக ஓடும் இடம் வந்தது. தோழி எழுந்து தண்டுகளை என்னிடம் தந்தாள். முதலில் கை நடுங்கியது. “மெல்ல வலி. கரையைப் பார்” என்றாள். அரைமணி நேரம் நான் வலித்தேன். இரண்டு கரையும் தெரிந்தன. இலை உதிர்ந்த மரங்களும், மேலே ஒரு வெண்தலைக் கழுகும் தெரிந்தன. வள்ளம் என் கைக்குக் கட்டுப்பட்டது. அந்த அரைமணி நேரத்தில் கிளாலி நினைவு வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது. ஆனால் மூச்சு அடைக்கவில்லை.

கரை சேர்ந்ததும் வள்ளத்தைக் கழுவி, நீரை வடித்துக் காயவிட்டோம். 2016இல் இந்தப் பகுதியில் ட்ரவுட் குஞ்சுகளைக் கொல்லும் நோயொன்று கண்டறியப்பட்டது. அது வேறு ஆறுகளுக்குப் போகாதிருக்க எல்லோரும் இப்படிச் செய்ய வேண்டும்.

நீரில் உறவை இழந்தவர்களும், நீரைக் கடந்து உயிர் தப்பியவர்களும் நம்மில் பலர். கடலையோ குளத்தையோ கண்டதும் உங்களுக்கு நெஞ்சு படபடத்தால் அதற்கு வெட்கப்பட வேண்டாம். ஒரே நாளில் போக்கிவிடவும் வேண்டாம். நல்ல பகல் வேளையில், நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதலில் கரையில் நின்று காலை நனைத்துப் பாருங்கள். அன்றைக்கு அவ்வளவும் போதும்.