40 கொண்டை ஊசி வளைவுகளும் ஒரு பழைய சியாஸும்!

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 64 கிலோமீட்டர். ஆழியாறு வரைக்கும் தென்னந்தோப்பும் சமவெளியும்தான். அதற்கு மேல் மலை. மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் நம்பர் போட்ட பலகை. புது வண்டிக்காரர்களுக்கு இது அழகான சுற்றுலாப் பாதை. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்களுக்கோ பரீட்சை ஹால். முந்தைய ஓனர் வண்டியை எப்படி வைத்திருந்தார் என்று ஆர்.சி சொல்லாது, மலை சொல்லிவிடும்.

எங்களுடையது 2016 மாடல் மாருதி சியாஸ். 1.4 லிட்டர் பெட்ரோல், வாங்கும்போது 71,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. விலை ஐந்தேகால் லட்சம். புதுசு வாங்கலாம்தான். ஆனால், ஏழு வருட இ.எம்.ஐ-யும் மகளின் கல்லூரி ஃபீஸும் ஒரே சம்பளத்தில் குடித்தனம் நடத்த முடியாது. 'அப்படியானால் சின்ன காராகப் பார்க்கலாமே' என்றார் என் கணவர். அம்மாவுக்கு 68 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். காலை நீட்டி உட்கார இடம் வேண்டும். வாக்கரும் மடக்கு நாற்காலியும் வைத்த பிறகு பெட்டிகளுக்கும் இடம் வேண்டும். சியாஸின் டிக்கி 510 லிட்டர். பேச்சு அதோடு முடிந்தது.

வால்பாறை அம்மாவின் ஊர். எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து, 19 வயதில் கல்யாணமாகி கீழே இறங்கியவர். தாத்தா ரிட்டயராகி வீட்டைக் காலி செய்த பிறகு, மேலே போய்ப் பார்க்க உறவென்று யாருமில்லை. பஸ்ஸில் ஏறினால் நாலாவது வளைவிலேயே அம்மாவுக்கு வாந்தி. இப்போது பஸ் படியே ஏற முடியாது. 'ஒருதடவ பாத்துட்டு வந்துட்டா போதும்' என்று சொல்லிச் சொல்லியே பதினோரு வருடங்கள் ஓடிவிட்டன.

வாங்கும்போது பார்த்தவை

பழைய காரில் பெயின்ட் பளபளப்பைப் பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியென்றால், மடிப்புக்குள் சேற்றுக்கறை இருக்கும். மீட்டரில் கிலோமீட்டர் குறைவாகக் காட்டி, பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும், வயதான டயர் மலைக்கு ஆகாது.

காகித வேலையிலும் சோம்பல் கூடாது. பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30. வண்டிமேல் கடன் இருந்திருந்தால் வங்கியின் என்.ஓ.சி-யும் ஃபார்ம் 35-ம் வேண்டும். இன்ஷூரன்ஸைப் பெயர் மாற்ற 14 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். எல்லாம் மாறினாலும் நம்பர் மட்டும் மாறாது. எங்கள் வண்டி சிவகங்கைப் பதிவு, டி.என் 63. 'காரைக்குடி பக்கமுங்களா?' என்று டீக்கடையில் யாராவது கேட்கும்போதெல்லாம் அம்மா சிரிப்பார்.

நான்கு டயர், முன் பிரேக் பேட், பிரேக் ஆயில், கூலன்ட், பேட்டரி என்று மேற்கொண்டு 38,000 ரூபாய் ஆனது. பழைய கார் வாங்குபவர்கள் வண்டி விலையோடு இதையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். வேலையை முடித்துச் சாவியைக் கொடுத்த பொள்ளாச்சி மெக்கானிக் அண்ணன், 'இனி தைரியமா ஏறலாமுங்க. ஏர்றது பெருசில்ல, எறங்கறப்பத்தான் பாத்துக்கோணும்' என்றார்.

ஏற்றம்

காலை ஆறரைக்கு ஆழியாறு அணையைத் தாண்டினோம். பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்தின் அணை இது. வனத்துறை செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோவது நல்லது. வால்பாறைக்கு இப்போது இ-பாஸ் நடைமுறையும் வந்திருக்கிறது. வீட்டிலிருந்தே எடுத்துவிட்டால் கேட்டில் நிற்க வேண்டாம். குரங்கு அருவியில் பெயருக்கேற்ப குரங்குகள் உண்டு, கண்ணாடியை ஏற்றிவிடுங்கள்.

அம்மாவை முன் சீட்டில் உட்காரவைத்து, ரோட்டையே தூரமாகப் பார்த்துக்கொண்டு வரச் சொன்னேன். காலையில் இரண்டு இட்லிதான். கையில் ஒரு எலுமிச்சம்பழம். வளைவுகளில் இரண்டாவது கியர், நேரான இடத்தில் மூன்றாவது. பஸ் எதிரே வந்தால் அகலமான இடம் பார்த்து ஒதுங்கிவிடுவேன். மலைப்பாதையில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது விதி. ஆனால், கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்கு முழு ரோடும் தேவைப்படும். விதி பேசி அங்கே பயனில்லை. ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது பின்னால் உருளாமல் தானே பிடித்துக்கொள்ளும் வசதி எங்கள் வண்டியில் கிடையாது. ஹேண்ட் பிரேக் போட்டு, கிளட்ச் பிடிப்பதை உணர்ந்து விடுவிக்க வேண்டும். நம் வண்டியின் கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பது காலுக்குப் பழகினால்தான் அது முழுசாக நம் வண்டி.

ஒன்பதாவது வளைவு, லோம்ஸ் வியூ. இந்த மலைப்பாதைக்குத் திட்டம் போட்ட இன்ஜினீயரின் பெயர். கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் நீலத் துண்டாகக் கிடந்தது. பாறையில் வரையாடுகள் இரண்டு, ரோட்டில் போகிறவர்களைச் சட்டை செய்யாமல் மேய்ந்துகொண்டிருந்தன. நம் மாநில விலங்கு. வண்டியை நிறுத்தி அம்மாவுக்கு நாற்காலி விரித்தேன். 'பஸ்ஸுல போறப்ப இந்த எடத்துல கண்ண மூடிட்டு ஒக்காந்திருப்பேன். இப்பத்தான் பாக்குறேன்' என்றார்.

அதன்பிறகு அம்மா கேட்ட இடத்திலெல்லாம் நிறுத்தினோம். அட்டகட்டியில் டீக்கு, காவர்கல்லில் பனிக்கு, புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகளுக்கு. அங்கே ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள், வண்டியில் அடிபடாமல் குரங்குகள் கடந்து போவதற்காக. இரண்டரை மணி நேரப் பயணம் நாலரை மணி நேரமானது. வாந்தி இல்லை.

அந்த லைன் வீடு

வால்பாறை சுமார் 3,500 அடி உயரம். டவுன் சின்னதுதான். சுற்றிலும் தேயிலை, ஊடே சில்வர் ஓக் மரங்கள். எஸ்டேட்டுக்குள் நினைத்தபடி நுழைய முடியாது, தனியார் நிலம். கேட்டில் இருந்த வாட்ச்மேனிடம் அம்மாவே பேசினார். தாத்தா பெயர், லைன் நம்பர், கொழுந்து நிறுக்கிற இடம் எங்கே இருந்தது என்று அடையாளம் சொன்னார். அவர் யாருக்கோ போன் போட்டுக் கேட்டுவிட்டு, 'பத்து நிமிஷங்கம்மா' என்று திறந்துவிட்டார்.

மண் ரோடு. முதல் கியரில் ஊர்ந்து போனோம். அம்மாவின் வீட்டில் கூரை இல்லை. ஆள் குறைந்து பூட்டிக் கிடந்து பாழான வரிசை அது. சுவரில் பச்சையாகப் பாசி, உள்ளே உன்னிச்செடி. அழுவார் என்று நினைத்து நான் பக்கத்திலேயே நின்றேன். அம்மா வாக்கரை ஊன்றி வாசல்படி வரை நடந்தார். என் மகளைக் கூப்பிட்டு, 'இங்கதான் அம்மிக்கல்லு. இங்க விறகு அடுக்கிருப்போம். மழ நாள்ல நாலு பிள்ளைகளும் இந்தா, இந்த மூலையிலதான் படுப்போம்' என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். மகள் போனில் படம் பிடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் அரை மணி நேரமானதை வாட்ச்மேன் கண்டுகொள்ளவில்லை.

இறக்கம்

மறுநாள் வெயில் வந்த பிறகே கிளம்பினோம். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மலைப்பாதையின் பழைய பாடம். இன்ஜின் வேகத்தை இழுத்துப் பிடிக்கும், பிரேக்குக்கு வேலை குறையும். நியூட்ரலில் விட்டு, பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் பேட் சூடேறி, பிடிமானம் போய்விடும். பதினாலாவது வளைவோரம் ஒரு வாடகை வண்டி நின்றிருந்தது. சக்கரத்திலிருந்து தீய்ந்த வாடை. டிரைவர் ஆறவிட்டுக் காத்திருந்தார். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாமல் இப்படிக் காத்திருப்பதுதான் சரி.

எங்கள் வண்டி இரண்டாவது கியரின் உறுமலோடு பொறுமையாக இறங்கியது. ஆழியாறில் நிறுத்திச் சக்கரத்தை முகர்ந்து பார்த்தேன். வாடை இல்லை. புது காரில் சன்ரூஃப் இருக்கலாம், பெரிய திரை இருக்கலாம். வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு, வேண்டிய இடத்தில் வேண்டிய நேரம் நிற்கிற வண்டிதான் தேவை. அந்தப் பரீட்சையில் பத்து வயது சியாஸ் பாஸ்.

பொள்ளாச்சி வந்ததும் அம்மா கேட்டார்: 'கண்ணு, சோலையாறு டேம் பக்கம் ரோடு எப்படியிருக்குதாம்?'