நான் போட்ட பூஜ்யம்

இருபது வருஷமாகப் பூகோளம் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கிறவன் நான். பாறை மேல்நோக்கி மடிந்தால் மலை, கீழ்நோக்கி மடிந்தால் பள்ளத்தாக்கு என்று எத்தனையோ வகுப்புகளில் அடித்துச் சொல்லியிருக்கிறேன். ஒரு பையன், குன்றின் வயிற்றில் கிண்ணம் போல் வளைந்த அடுக்குகளை வரைந்து கொடுத்தான். பூஜ்யம் போட்டேன். "புஸ்தகத்தில் பார்த்தேன், ஸார்!" என்றான். "எந்தப் புஸ்தகம்? கொண்டு வா, பார்க்கலாம்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் கொண்டு வரவில்லை. அதற்குப் பிறகு என் வகுப்பில் கை தூக்கவும் இல்லை.

சென்ற கோடை விடுமுறையில் அமெரிக்காவிலிருக்கும் என் தம்பி, மேரிலாந்து ராஜ்யத்தில் ஹான்காக் என்னும் சிற்றூருக்கு மேற்கே சுமார் ஆறு மைல் தூரத்திலுள்ள சைட்லிங் ஹில்லுக்கு அழைத்துப் போனான். பழைய சாலை அந்த மலை மேல் வளைந்து நெளிந்து ஏறி இறங்குகிறது. 1983-ல் வேலையைத் தொடங்கி, மலையையே வெடி வைத்துப் பிளந்து, 1985-ல் நேர்சாலையைத் திறந்து விட்டார்கள். வெட்டின் ஆழம் 340 அடி! சாலைக்குக் குறுக்கே, நடந்து போகிறவர்களுக்கென்று ஒரு பாலம். அதன் நடுவில் போய் நின்றேன். கீழே லாரிகள் இரைந்து கொண்டு பறந்தன. "அண்ணா, படம் எடுக்கிறேன், இந்தப் பக்கம் திரும்பு" என்றான் தம்பி. எனக்குத் திரும்பத் தோன்றவில்லை.

எதிரே மலையின் குறுக்குவெட்டு. சாம்பல், பழுப்பு, செம்மை, இடையிடையே கறுப்பு. அத்தனை அடுக்கும் கிண்ணம் போல் கீழ்நோக்கி வளைந்திருந்தன. சாக்ஷாத் அந்தப் பையனுடைய படமேதான்!

பாறைகளுக்கு வயது 33 கோடி வருஷத்துக்கு மேல். பிற்காலத்தில் ஆப்பிரிக்காவும் வட அமெரிக்காவும் மோதிக் கொண்டபோது, தள்ளிவிட்ட ஜமக்காளம் போல் இங்கே பூமி மடிந்தது. மேலெழுந்த மடிப்புகளின் முதுகில் விரிசல் கண்டது. மழையும் ஆறும் அவற்றை அரித்துக் கொண்டு போயின. மடிப்பின் பள்ளத்தில் கிடந்த கெட்டியான மணற்கல்லோ அவ்வளவு சுலபமாகக் கரையவில்லை. அக்கம் பக்கத்து மேடுகள் தாழ்ந்து போக, அன்றையப் பள்ளம் இன்று மலையாக நிற்கிறது. காலேஜில் இதை நானும் படித்துத்தான் இருப்பேன். பட்டம் வாங்கிய கையோடு மறந்து விட்டேன் போலிருக்கிறது.

ஊர் திரும்பியதும் அவன் வீட்டுக்குப் போனேன். வாத்தியாரை வாசலில் கண்ட தாயார் பயந்து போய், "பிள்ளை ஏதாவது தப்புப் பண்ணிவிட்டானா, ஸார்?" என்று கேட்டாள். அவன் கோயம்புத்தூரில் வேலையாயிருக்கிறானாம். விலாசம் வாங்கி வந்து, தம்பி எடுத்த மலையின் படத்தை ஒரு கடிதத்துடன் தபாலில் சேர்த்தேன். பதில் இன்னும் வரவில்லை.